பேய்வீட்டுக்குக் கயிறு பிடித்தவர்கள்

நொரீன் வீட்டுக் கூரைமேல் ஆரஞ்சு நாடா ஏறிய அன்றைக்குக் காலையில் மட்ரோன் மேட்டில் பாதிப் பேருக்குக் காப்பி இறங்கவில்லை. மீதிப் பாதிக்கு ரொம்ப நாளைக்கப்புறம் காப்பி நன்றாக இறங்கியது.

எங்கள் மேட்டில் யாராவது வீட்டைப் பெரிதாக்க வேண்டுமென்றால் முதலில் பேய்வீடு கட்டியாக வேண்டும். வரப்போகிற சுவர் நிற்கும் இடத்தில் கம்பம் நட்டு, வரப்போகிற கூரை ஓடும் உயரத்தில் ஆரஞ்சு நாடா இழுத்து, காற்றிலேயே வீட்டின் உருவத்தைக் காட்டிவிட வேண்டும். நகராட்சியில் இதற்கு நீளமாக ஏதோ பெயர் வைத்திருக்கிறார்கள். நாங்கள் சொல்வது பேய்வீடு. அது நிற்கிற வாரங்களில் அக்கம்பக்கத்தார் தங்கள் தங்கள் சன்னலில் நின்று, என் கடல் போச்சே, என் வெயில் போச்சே என்று வயிற்றில் அடித்துக்கொள்ளலாம். பிறகு கமிட்டி கூடித் தீர்ப்புச் சொல்லும்.

இந்த ஏற்பாட்டையெல்லாம் கொண்டுவந்தவளே நொரீன் தவாரஸ்தான். அதனால்தான் காப்பி இறங்கவில்லை.

பள்ளிக்கூடப் பேருந்து ஓட்டியவள். இந்த மேட்டின் வளைவுகளில் பிள்ளைகளை அதட்டி அதட்டியே குரல் அப்படி நின்றுவிட்டது. பக்கத்தில் உட்கார்ந்தவரிடம் உப்பு கேட்டாலும் கடைசி சீட்டுக்குக் கேட்கும். சான் பிரான்சிஸ்கோவிலிருந்து பணக்காரர்கள் வந்து எங்கள் சின்ன வீடுகளை வாங்கி, இடித்து, அந்த இடத்தில் கப்பல் மாதிரி மாளிகைகளை நிறுத்த ஆரம்பித்தபோது அந்தக் குரலோடு எழுந்தாள். கூட்டத்துக்குக் கூட்டம் எழுந்து நின்று வக்கீல்களைப் பார்த்து ஒரே கேள்விதான் கேட்பாள்: "ஒரு குண்டிக்கு எத்தன கக்கூஸ்யா வேணும்?" வக்கீல்கள் காகிதத்தைப் புரட்டுவார்கள். மனை இவ்வளவு என்றால் வீடு இவ்வளவுக்குமேல் போகக்கூடாது என்று கடைசியில் விதி வந்தது. இப்போது அவள் வீட்டுப் பேய்வீடு அந்த விதியை ஒரு படுக்கையறையும் ஒரு கக்கூஸும் மீறிக்கொண்டு நின்றது.

என்னைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. பெயர் ஆர்லோ. துணி துவைக்கிற மெஷின், உலர்த்துகிற மெஷின் ரிப்பேர் செய்கிறவன். மேட்டிலேயே சின்ன வீடு என்னுடையது. தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் இருக்கிறது. எந்தச் சன்னலில் நின்றாலும் தொட்டிதான் தெரியும். இழக்க எனக்குக் காட்சி எதுவும் இல்லை என்பதால் எல்லாத் தகராறுக்கும் என்னையே சாட்சிக்குக் கூப்பிடுகிறார்கள். நடுநிலையானவன் என்று பெயர் வாங்கியிருக்கிறேன். உண்மையில் யார் கூப்பிட்டாலும் 'முடியாது' என்று சொல்ல வராது, அவ்வளவுதான்.

நொரீனின் புருஷன் லெஸ்டர் மரம் ஏறுகிறவன். எங்கள் மேட்டில் ஒருவர் மரம் இன்னொருவர் கடலை மறைக்கும். லெஸ்டர் ரம்பத்தோடு ஏறி, மரத்துக்காரருக்குக் குறைந்தது தெரியாமலும் கடல்காரருக்குக் கூடியது தெரியும்படியும் வெட்டிவிட்டு இறங்குவான். கிளை விழுவதற்கு முன்னால் கீழே நிற்பவர்களுக்கு ஒரு சத்தம் கொடுப்பான்: "தலை!" அந்தச் சத்தம் கேட்டால் மேட்டிலுள்ள நாய்கள்கூட ஒதுங்கி நிற்கும்.

பிப்ரவரியில் அவனுக்கு வலப்பக்கம் இழுத்துக்கொண்டது. கையும் காலும் போனதோடு பேச்சும் போயிற்று. எல்லாச் சொல்லும் போய், அந்த ஒரு சொல் மட்டும் தங்கிவிட்டது. தண்ணீர் வேண்டுமென்றால் "தலை." டிவியை நிறுத்தென்றால் "தலை தலை." நொரீன் அறைக்குள் வந்தால் மட்டும் இழுத்து, மெல்ல, "தலை..." கீழே பள்ளத்தாக்கில் அவனை வைத்திருந்த மறுவாழ்வு இல்லத்தில் ஒரு புது நர்ஸ் பெண், பாவம், ஒரு வாரம் விடாமல் தலைவலி மாத்திரை கொடுத்துக்கொண்டிருந்தாள்.

அக்டோபர் முடிகிறவரைதான் அங்கே இடம். அதற்கப்புறம் படி இல்லாத வீட்டுக்கு அனுப்புவார்கள். இல்லையென்றால் மொடெஸ்டோவைத் தாண்டி வெயில் காய்கிற ஒரு ஊரில் நெடுநாள் நோயாளிகள் இருக்கிற இடத்துக்கு. போய்ப் பார்த்துத் திரும்ப ஒரு பகல் போய்விடும். அங்கே போனவர்கள் யாரும் திரும்பி வந்து நான் பார்க்கவில்லை.

நொரீன் வீட்டில் படி மட்டும்தான் உண்டு என்று சொல்லலாம். ரோடு மேலே, வீடு கீழே. ரோட்டோரம் கார் நிறுத்த ஒரு பலகை மேடை. அங்கிருந்து படி இறங்கி, முறுக்கி, இன்னொரு தரம் முறுக்கி, கூரையைத் தாண்டிக் கீழே போய் வாசலைத் தொடும். நாற்காலியை ஏற்றி இறக்கும் தண்டவாளம் போட முடியுமா என்று பார்க்க ஒரு ஆள் வந்தான். படியைப் பார்த்தான், சிரித்தான், போய்விட்டான்.

ஆகவே நொரீன் போட்ட திட்டம் இது. பழைய கூரைக்கு மேலே, ரோட்டு மட்டத்தில், ஒரு அறை, ஒரு கக்கூஸ். கட்டி முடிக்க வருஷமாகும். ஆனால் பர்மிட் கையில் வந்துவிட்டால், கட்டி முடிகிறவரை சொந்தக் கார் மேடையில் ஒரு டிரெய்லர் வீட்டை நிறுத்தி அதில் குடியிருக்கலாம் என்று நகராட்சி அனுமதிக்கும். பேருந்து டிப்போவில் பழகிய ஒருத்தர் டிரெய்லர் தருவதாகச் சொல்லியிருந்தார். "பர்மிட் வந்தா டிரெய்லர். டிரெய்லர் வந்தா லெஸ்டர்," என்று நொரீன் போகிற வருகிறவர்களிடமெல்லாம் சொன்னாள். கமிட்டி கூடுவது அக்டோபர் கடைசி வியாழக்கிழமை.

முதல் வில்லங்கம் வென்டெல் க்ரான்ஸ் வீட்டில் முளைத்தது. ரோட்டுக்கு எதிர்ப்பக்கம், கொஞ்சம் உயரத்தில் இருப்பவர். பல் டாக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். மாளிகைகளை எதிர்த்த காலத்தில் நொரீனுக்கு வலது கை. துணி மெஷின் குலுங்குகிறது என்று என்னைக் கூப்பிட்டிருந்தார். போனால் மனுஷன் வாசலில் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு நிற்கிறார்.

"ஆர்லோ, ஒரு கை பிடி."

"நான் மெஷினுக்கு வந்தேன் டாக்டர்."

"அது குலுங்கட்டும். சோபாவப் பிடி."

"எங்க கொண்டு போகணும்?"

"பெட்ரூமுக்கு."

"அப்ப கட்டிலு?"

"ஹாலுக்கு."

"நீங்க ஹால்லயா படுப்பீங்க?"

"நான் ஏன்யா ஹால்ல படுக்கறேன்? அது இனிமே பெட்ரூம். இது ஹால்."

விஷயம் என்னவென்றால், ஒரு வீட்டுக்காரர் தன் பிரதான அறையில் உட்கார்ந்தபடி பார்த்தால் தெரிகிற காட்சியைத்தான் மறைக்கக்கூடாது என்று விதி. வென்டெல் வீட்டு ஹாலில் உட்கார்ந்தால் தெரிவது பக்கத்து வீட்டுக் குப்பைத் தொட்டி. படுக்கையறையில்தான், நொரீன் கூரைக்கும் ஒரு செம்மரத்துக்கும் நடுவில், குளித்துத் துவட்டுகிற துண்டு அகலத்துக்குக் கடல். அதில் காலையும் மாலையும் ஒரு படகு குறுக்கே போகும். அவ்வளவுதான் அவர் சொத்து.

சோபாவை வாசலில் பக்கவாட்டில் திருப்பி, நிமிர்த்தி, என் கட்டைவிரலை நசுக்கி, ஒருவழியாக உள்ளே கொண்டுபோனோம். வென்டெல் அதில் உட்கார்ந்து பார்த்தார். பேய்வீட்டின் ஆரஞ்சு நாடா சரியாகத் தண்ணீரின் நடுவில் ஓடியது.

"இந்தத் துண்டுத் தண்ணிக்காகத்தான் நான் குதிக்கறேன்னு நீ நெனைக்கற."

"ஆமா டாக்டர்."

"ஆமாதான்." மூக்கைத் தேய்த்துக்கொண்டார். "ஆனா அதுமட்டும் இல்லடா. வடக்கு முகட்டுல ஒருத்தன் மாளிகை கட்ட மனு போட்டு உக்காந்திருக்கான் பாரு. அவன் வக்கீல் நேத்து இங்க வந்து நொரீன் வீட்டு நாடாவப் போட்டோ எடுத்துட்டுப் போனான். எதுக்கு? இவளுக்கு ஒரு விதிவிலக்கு குடுத்தா அதே ஓட்டைல அவன் ஒம்பது கக்கூஸோட நொழைஞ்சிருவான். நாம பத்து வருஷம் கத்தினது எல்லாம் வீண்."

"லெஸ்டர் மொடெஸ்டோவுக்குப் போயிருவான் டாக்டர்."

"தெரியும்டா," என்றார் எரிச்சலோடு. "எனக்குத் தெரியாதா? இந்த மரத்துக் கெளைய அவன் எனக்குக் காசு வாங்காம வெட்டிக் குடுத்தான். மெஷினப் போய்ப் பாரு போ."

மெஷினில் ஒரு காலுக்கடியில் மரக்கட்டை நழுவியிருந்தது. சரிசெய்தேன். அந்த வீட்டில் மற்றது எதுவும் அப்படி எளிதாகச் சரியாகிற மாதிரி இல்லை.

அடுத்த நாள் நொரீன் வீட்டுப் படியிறங்கிப் போனேன். லெஸ்டரின் அப்பா அம்மா அசோர்ஸ் தீவிலிருந்து வந்தவர்கள். அந்த வீட்டுக் கீரைச் சூப்பு நொரீன் கையில் இன்னும் நன்றாக வரும். உருளைக்கிழங்கை மசித்துக் கரைத்து, மிளகாய்ப்பொடி வாசனை அடிக்கிற பன்றிக்கறித் தொத்திறைச்சியை வட்டமாக அரிந்து போட்டு, அடுப்பை அணைக்கிற நேரத்தில் தலைமயிர் மாதிரி நறுக்கிய கீரையைக் கொட்டுவாள். பாட்டிலில் ஊற்றி லெஸ்டருக்குத் தினம் கொண்டுபோவாள். வெங்காயம் அரிந்துகொண்டிருந்தவள் திரும்பாமலே கேட்டாள்.

"முதுகு எப்படி இருக்கு?"

"எந்த முதுகு?"

"சோபா தூக்கின முதுகு."

நான் தரையைப் பார்த்தேன். "கூப்பிட்டாரு, போனேன்."

"பேய் கூப்பிட்டாலும் போவ நீ." கத்தியைச் சட்டியில் தட்டினாள். "அந்த வித்தைய அவனுக்குச் சொல்லிக் குடுத்ததே நான்தான். பழைய தகராறு ஒண்ணுல, மேல இருந்த அந்த அம்மாவோட சாப்பாட்டு மேசையக் குளியலறைக்குள்ள போடச் சொன்னேன். போட்டா! கமிட்டிக்காரங்க மூணு பேரு தொட்டிக்குள்ள கால விட்டுக்கிட்டு உக்காந்து கடலப் பாத்தாங்க."

சிரித்தாள். சிரிப்பு பாதியில் நின்றுபோயிற்று. அடுப்பைக் குறைத்தாள், கூட்டினாள், மறுபடி குறைத்தாள். சூப்பு என்ன செய்வதென்று தெரியாமல் கொதித்து அடங்கிக் கொதித்தது.

"ஆர்லோ, நான் தோத்தா அவரு மொடெஸ்டோவுக்குப் போறாரு. ஜெயிச்சா வடக்கு முகட்டுக்காரன் என் தோள்மேல கால வச்சு உள்ள வரான். ராத்திரியெல்லாம் முழிச்சுக் கெடந்து எந்தப் பக்கம் தோக்கறதுன்னு யோசிக்கறேன். நேத்து பால்காரன் கேக்கறான், என்னக்கா, உங்க வீட்டுலயுமா பேய்னு. அவன் வண்டிய மறிச்சு நாலு கேட்டிருப்பேன், வாய் வரல. எனக்கே வாய் வரலன்னா பாத்துக்கோ."

அந்த வாய் வராத நொரீனைப் பார்க்க எனக்குப் பயமாக இருந்தது. ஏதாவது வேடிக்கையாகச் சொல்லிவிடலாமென்று வாயைத் திறந்தேன். சூப்பைக் கரண்டியோடு அதில் வைத்துவிட்டாள். நாக்கு வெந்தது. நல்லதாயிற்று.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் காற்று வந்தது.

இலையுதிர் காலத்தில் உள்நாட்டிலிருந்து அடிக்கிற காற்று அது. கடலிலிருந்து வருவதுபோல ஈரமாக வராது. அடுப்புக் கதவைத் திறந்தாற்போல வரும். புல்லெல்லாம் காய்ந்து கிடக்கிற நேரம். நெருப்புக்குப் பயந்து மின்சாரத்தை நிறுத்திவிடுவார்கள். யூகலிப்டஸ் பட்டைகள் நீள நீளமாக உரிந்து ரோட்டில் பறக்கும். எல்லாரும் வாசலில் நின்று மூக்கைத் தூக்கிப் புகை வாசம் வருகிறதா என்று பார்த்துக்கொண்டிருப்போம்.

அன்றைக்கு நொரீன் மூக்கைத் தூக்கவில்லை. கூரையையே பார்த்துக்கொண்டு நின்றாள். மேற்கு மூலைக் கம்பம் குனிந்து குனிந்து எழுந்தது. கூட்டம் நடக்கிற நாள்வரை பேய்வீடு விழாமல் நிற்க வேண்டும். விழுந்தால் மறுபடி நட்டு, மறுபடி முதல் நாளிலிருந்து எண்ண வேண்டும். மாளிகைக்காரர்கள் ஒருநாள் நட்டுவிட்டு மறுநாளே கம்பத்தைச் சாய விட்டுவிடுகிறார்கள் என்று கொண்டுவந்த விதி. அதுவும் நொரீன் கொண்டுவந்ததுதான்.

கம்பம் நட்ட ஆளுக்குப் போன் போட்டோம். குடாவுக்கு அக்கரையில் இருந்தான். பாலத்தில் வண்டிகளை நிறுத்தியிருக்கிறார்கள், நாளைக்கு வருகிறேன் என்றான்.

"நாளைக்கு வந்து எத நடுவான், என்னையா?" என்றாள் நொரீன்.

கம்பங்களிலிருந்து கயிறுகள் இறங்கிக் கார் மேடையின் வளையங்களிலும் சரிவில் அடித்த முளைகளிலும் கட்டியிருந்தன. மேற்கு மூலை முளை காய்ந்த மண்ணில் பல் ஆடுவதுபோல ஆடியது. நான் அந்தக் கயிற்றை இடுப்பில் சுற்றிக்கொண்டு உட்கார்ந்தேன். என் எடையில் எனக்கு நம்பிக்கை உண்டு, வருஷக்கணக்காகச் சேர்த்தது. நொரீன் இன்னொரு கயிற்றைப் பிடித்தாள். மூன்றாவது கயிறு தனியாக விசிலடித்துக்கொண்டு கிடந்தது.

ரோட்டைத் தாண்டி வென்டெல் வந்தார். பல் துளைக்கிறபோது போட்டுக்கொள்கிற கண்ணாடிக் கவசத்தை மாட்டியிருந்தார், தூசிக்கு. தொழில்முறைக் கையுறை வேறு.

"வென்டெல்!" என்று நொரீன் கத்தினாள். "வேடிக்க பாக்க வந்தியா?"

"எந்தக் கயிறு?"

"என்னது?"

"எந்தக் கயிறு லூஸுன்னு கேக்கறேன்! காது அடைச்சிருச்சா?"

மூன்றாவது கயிற்றைக் கையில் சுருட்டிக்கொண்டு மேடைத் தூணில் காலை உதைத்து உட்கார்ந்தார். நொரீன் கயிற்றிலிருந்து கையெடுக்காமல் அவர் பக்கம் திரும்பினாள்.

"விட்டுட்டா உனக்குத்தானே லாபம்?"

"காத்து உன்னத் தோக்கடிச்சா அது காத்தோட வெற்றி. வியாழக்கெழம நானே தோக்கடிக்கறேன். இழுத்துப் பிடி!"

"நீ என்னத் தோக்கடிப்பியா? மூஞ்சியப் பாரு, பல்லு புடுங்கற தவளை மாதிரி."

சாயங்காலம்வரை அப்படியே உட்கார்ந்திருந்தோம். இல்லாத வீட்டை மூன்று பேர் பிடித்துக்கொண்டிருந்ததைப் பார்த்து, போன கார்களெல்லாம் மெதுவாகப் போயின. காற்று கொஞ்சம் தணிகிற சமயம் பார்த்து நொரீன் தன் கயிற்றை வளையத்தில் கட்டிவிட்டுப் படியிறங்கிப் போய், இனிப்பு ரொட்டியைப் பிட்டு எடுத்துவந்தாள். எங்கள் கைகள் கயிற்றில் இருந்ததால் அவளே ஊட்ட வேண்டியிருந்தது.

"வாயத் தொற. இன்னும். பல்லு டாக்டருக்கு வாய் தொறக்கத் தெரியலயே."

வென்டெல் மென்று விழுங்கிவிட்டு, கடலைப் பார்த்தபடி சொன்னார்: "நொரீன், மேல ரூம் வந்துட்டா கீழ இருக்கற ரெண்டு பெட்ரூமுக்கும் யாரு எறங்குவா?"

அவள் கையிலிருந்த ரொட்டியைப் பிட்டுக்கொண்டே இருந்தாள்.

"சும்மா கேட்டேன்."

"அத லெஸ்டர் கட்டினாரு," என்றாள். "நாங்க கல்யாணம் ஆகி வந்தப்ப இந்த வீடு ஒரு தகரப் பெட்டி. மரம் வெட்டற எடத்துல கெடைச்ச செம்மரத்த ஒவ்வொண்ணா முதுகுல எறக்கி அவரே கட்டினாரு." ரொட்டித் துணுக்குகளைப் பாவாடையிலிருந்து தட்டிவிட்டாள். "அதப் பத்திப் பேசாத."

கயிறு மட்டும் பேசியது. இருட்டுவதற்கு முன்னால் காற்று அடங்கியது. மேற்கு மூலைக் கம்பம் கொஞ்சம் சாய்ந்திருந்தது, ஆனால் நின்றது. வென்டெல் கையுறையைக் கழற்றினார். உள்ளங்கை சிவந்து கொப்பளித்திருந்தது. "வியாழக்கெழம பாக்கலாம்," என்று சொல்லிவிட்டு ரோட்டைத் தாண்டிப் போனார்.

கூட்டம் பள்ளிக்கூட ஹாலில். நாற்காலிகளெல்லாம் சின்னப் பிள்ளைகள் உட்காருவது. அதில் முழங்கால் தாடையில் இடிக்க உட்கார்ந்துகொண்டு யாரும் ரொம்ப நேரம் கோபமாக இருக்க முடியாது. ஆனாலும் முயற்சி செய்தார்கள். வடக்கு முகட்டு வக்கீல் கடைசி வரிசையில், சத்தமில்லாத செருப்பு போட்டுக்கொண்டு, மடியில் எதையோ எழுதியபடி இருந்தார்.

கமிட்டித் தலைவி ஒகாவா அம்மாள் முதலில் வென்டெலைக் கேட்டார்: "உங்க ஹாலுக்கு வந்து சோபால உக்காந்து பாத்தோம். எல்லாம் சரி. ஹால்ல எதுக்கு டாக்டர் துணி அலமாரி?"

ஹால் சிரித்தது. வென்டெலின் காது சிவந்தது. "எனக்கு உடுப்பு ஜாஸ்தி," என்றார்.

நொரீன் எழுந்தாள். அவள் பேச ஆரம்பிப்பதற்குள் பின்னாலிருந்து எவனோ ஒருவன், அவள் குரலிலேயே, கூவினான்: "ஒரு குண்டிக்கு எத்தன கக்கூஸ்யா வேணும்?"

இந்தத் தடவை சிரிப்பு ரொம்ப நேரம் போயிற்று. நானும் சிரித்தேன்; வாய் தானாகச் சிரித்துவிட்டது, அதை நான் அடக்குவதற்குள் அவள் என்னைப் பார்த்துவிட்டாள். மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றாள். விரல்கள் வெளுத்திருந்தன. வாய் வராமலே போய்விடுமோ என்று நான் பாதி எழுந்துவிட்டேன்.

"ஒண்ணு போதும்," என்றாள். குரல் கடைசி சீட்டுக்குப் போகவில்லை. எல்லாரும் முன்னால் குனிந்தார்கள். "ஒண்ணே போதும். ஆனா அது அவரால போக முடியற எடத்துல இருக்கணும்."

சிரிப்பு நின்றது.

"விதிய நான்தான் கொண்டுவந்தேன். அதுல எனக்குன்னு ஒரு ஓட்டை போட்டுக் குடுங்கன்னு கேக்க வந்தேன். கேக்கல. ஓட்டையே வேண்டாம்." கடைசி வரிசையைத் திரும்பிப் பார்த்தாள். "எழுதிக்கோங்க வக்கீல் சார், வேண்டாம்ங்கறேன். மேல ஒரு ரூம், ஒரு கக்கூஸ் வருது. கீழ ரெண்டு ரூமையும் ஒரு கக்கூஸையும் இடிச்சுடறேன். கணக்கு போட்டுப் பாருங்க. வீடு இப்ப இருக்கறதவிடச் சின்னதாத்தான் போகும்."

வக்கீல் எழுதுவதை நிறுத்தினார்.

ஒகாவா அம்மாள் கண்ணாடியைக் கழற்றினார். "நல்லா யோசிச்சியா நொரீன்?"

"யோசிச்சா செய்ய மாட்டேன்."

வென்டெல் எழுந்தார். சொன்னபடியே எதிர்த்தார். அளவு சரியாகிவிட்டது, உயரம் சரியாகவில்லை, என் தண்ணீர் போகிறது, நான் ஆட்சேபிக்கிறேன் என்றார். உள்ளங்கையில் கட்டுத்துணி சுற்றியிருந்தது. அதை ஆட்டி ஆட்டித்தான் பேசினார். கூரையைத் தட்டையாகப் போட வேண்டும் என்ற நிபந்தனையோடு ஓட்டு எடுத்தார்கள். ஒரே ஒரு ஓட்டில் நொரீன் ஜெயித்தாள். யாரும் கைதட்டவில்லை. அவள் அந்தச் சின்ன நாற்காலியில் உட்கார்ந்து ரொம்ப நேரம் எழுந்திருக்கவில்லை. நாற்காலி இடுப்பில் மாட்டிக்கொண்டது என்று சொன்னாள்.

வெள்ளிக்கிழமை லெஸ்டரிடம் சொல்லப் போனபோது என்னையும் இழுத்துக்கொண்டு போனாள். அவன் சன்னலோரம் சக்கர நாற்காலியில் இருந்தான். சூப்பைக் கொடுத்தாள், வாயைத் துடைத்தாள், சட்டைப் பொத்தானைச் சரிசெய்தாள். செய்வதற்கு வேறு எதுவும் இல்லாமல் போன பிறகுதான் சொன்னாள். டிரெய்லரைச் சொன்னாள். வீட்டுக்கு வருவதைச் சொன்னாள். பிறகு கீழ் அறைகளைச் சொன்னாள்.

அவன் நல்ல கையால் அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு சன்னலுக்கு வெளியே பார்த்தான். "தலை," என்றான். தண்ணீர் கேட்கிற தலை இல்லை. நொரீனைக் கூப்பிடுகிற தலையும் இல்லை. இருபது வருஷம் அவனோடு பழகியவன் நான். அது எந்தத் தலை என்று எனக்குத் தெரியவில்லை. நொரீனுக்குத் தெரிந்ததா என்று நான் கேட்கவில்லை. காரில் திரும்பி வரும்போது வழிநெடுக அவள் மற்ற வண்டிக்காரர்களைத் திட்டிக்கொண்டே ஓட்டினாள்.

மாதக் கடைசி நாளில் டிரெய்லர் வந்தது. வளைவுகளில் பின்னோக்கி ஏற்ற, டிப்போ நண்பர் காலையெல்லாம் பாடுபட்டார். நொரீன் ரோட்டில் நடந்துகொண்டே "ஒடி! இன்னும் ஒடி! உன் பாட்டி ஓட்டுவாய்யா இத!" என்று கத்தினாள். குரல் திரும்பி வந்துவிட்டது. மேட்டிலிருந்து பாதிப் பேர் வேடிக்கை பார்க்க நின்றார்கள். டிரெய்லர் மேடையில் சரியாகப் போய் உட்கார்ந்தது. உள்ளே கட்டில், அடுப்பு, கக்கூஸ், எல்லாம் எட்டிப் பிடிக்கிற தூரத்தில். நொரீன் புதுப் போர்வை விரித்திருந்தாள்.

மத்தியானம் இல்லத்து வண்டி வந்து லெஸ்டரை ரோட்டில் இறக்கிவிட்டுப் போனது. அவன் எங்களைப் பார்த்தான், ஆரஞ்சு நாடாவைப் பார்த்தான், டிரெய்லரைப் பார்த்தான். நொரீன் சக்கர நாற்காலியைத் தள்ளிக்கொண்டு டிரெய்லர் கதவுவரை போனாள். அங்கே நின்றாள்.

கதவுக்கு மூன்று படி இருந்தது.

இரும்புப் படி, மடக்கி விரிக்கிறது. எல்லா டிரெய்லருக்கும் இருக்கும். எங்கள் எல்லாருக்கும் தெரியும். நான் போன வாரம்தான் டிப்போவுக்குப் போய் அதில் ஏறி உள்ளே குழாயைப் பார்த்துவிட்டு வந்தேன். ஒரு மேடே கூடி, ஒரு மாதம், படி படி என்று அடித்துக்கொண்ட பிறகு, அந்த மூன்று படி ஒருத்தர் கண்ணிலும் படவில்லை. நொரீன் நாற்காலியின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு அந்தப் படியையே பார்த்தாள். அவள் தோள் குலுங்கியது. அழுகிறாளா சிரிக்கிறாளா என்று பார்க்க நான் முன்னால் போகவில்லை.

லெஸ்டர் படியைப் பார்த்தான். பிறகு என்னைப் பார்த்தான். உதட்டின் ஒரு பக்கம் மேலே போனது.

"பலகை போட்டுச் சாய்வு பண்ணிரலாம்," என்றார் டிப்போ நண்பர். "ரெண்டு நாள்ல."

"ரெண்டு நாள் ரோட்டுலயா இருப்பாரு?"

கூட்டத்தை விலக்கிக்கொண்டு வென்டெல் வந்தார். கட்டுத்துணியை அவிழ்த்துச் சட்டைப் பையில் போட்டார். நாற்காலியின் முன் சக்கரத்துக்கு மேலே கம்பியைப் பிடித்தார்.

"ஆர்லோ, அந்தப் பக்கம் பிடி. சோபாவவிட லேசுதான்."

"வென்டெல், நீ..." என்றாள் நொரீன்.

"நான் இன்னும் ஆட்சேபணைதான். இந்த டப்பா என் தண்ணியப் பாதி மறைக்குது. தூக்குடா."

"கால் பாத்து வை ஆட்சேபணை, மொதப் படி ஆடுது."

நொரீனும் டிப்போ நண்பரும் சேர, நான்கு பேர் தூக்கினோம். கதவு அகலம் போதவில்லை; திருப்பினோம், நிமிர்த்தினோம், என் அதே கட்டைவிரல் நசுங்கியது. லெஸ்டர் நல்ல கையால் வென்டெலின் சட்டைக் காலரைப் பிடித்துக்கொண்டிருந்தான். மரத்தில் பிடி கிடைத்தவன் பிடிக்கிற மாதிரி. உள்ளே கட்டிலில் இறக்கினோம். எல்லாருக்கும் மூச்சு வாங்கியது. அந்தச் சின்ன டப்பாவுக்குள் நான்கு ஆம்பிளைகளின் மூச்சில் சன்னல் கண்ணாடி வேர்த்தது. நொரீன் எங்களை ஒவ்வொருவராக வெளியே தள்ளினாள். கடைசியாக வென்டெல் படியிறங்கும்போது தலையை நீட்டினாள்.

"நாளைக்குப் பயிற்சிக்குக் கூட்டிட்டுப் போக வண்டி வரும். எட்டு மணிக்கு எறக்கணும்."

"எட்டா? எனக்கு எட்டரைதான் ஒத்துவரும்."

"வண்டி எட்டுக்கு வரும்."

"அப்ப மறுபடி ஏத்தறது?"

"பத்தரைக்கு."

வென்டெல் ரோட்டில் நின்று தன் வீட்டைப் பார்த்தார், டிரெய்லரைப் பார்த்தார், கையைப் பார்த்தார். "சரி, எட்டு. ஆனா என் ஆட்சேபணைய எழுதி வச்சுக்கோ."

"வச்சுக்கிட்டேன். கதவச் சாத்திட்டுப் போ, அவருக்குக் காத்து அடிக்குது."

வென்டெல் திரும்பி வந்து, மெதுவாக, சத்தம் வராமல் சாத்தினார்.